உமருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த ஊர்

கமல்ஹாசன் இயக்கி நடித்த ‘விஸ்வரூபம்’ என்ற ஒற்றர் படத்தில் ஆப்கானிஸ்தான் மலைக்குள் ஜிகாதிக் கூட்டத்தை நடத்தும் உமர் நன்றாகத் தமிழ் பேசுவான். ராகுல் போஸ் நடித்த பாத்திரம் அது. மலையை விட்டு இறங்காத ஆளுக்குத் தமிழ் எப்படி வந்தது என்று கொட்டகையில் யாராவது கேட்டுவிடுவார்களே என்று திரைக்கதை ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தது. அவன் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் கொஞ்ச காலம் தலைமறைவாக இருந்தானாம். ஒரே ஒரு வசனம். சொல்லிவிட்டுக் கதை தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

படம் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த வசனம் ஞாபகம் இருக்காது. தேனி மாவட்டத்தில் அப்படிக் கடந்து போவது கஷ்டம். 1997 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமாகப் பிரியும்வரை நாங்கள் எல்லோரும் மதுரை மாவட்டத்துக்காரர்கள்தான். இன்றைக்கும் வெளியூரில் யாராவது ‘எந்த ஊரு?’ என்று கேட்டால், கம்பத்துக்காரரும் போடிக்காரரும் ‘மதுரைப் பக்கம்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், பெரியகுளம் என்று எங்கள் பள்ளத்தாக்கு நெடுக ராவுத்தர் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. உமர் பதுங்கியிருந்த ‘மதுரை’யின் எல்லை எது என்று திரைக்கதை சொல்லவில்லை. ஆகவே எல்லோரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

வசனம் எழுதியவருக்கு மதுரை மீது கோபம் ஒன்றும் இருந்திருக்காது. தமிழ்ப் படத்தில் வில்லன் இரண்டரை மணி நேரம் புரியாத பாஷையில் பேசினால் டிக்கெட் வாங்கியவர் எழுந்து போய்விடுவார். அதற்கு ஒரு சாக்கு வேண்டும். சாக்கு வெறுங்கையிலிருந்தும் வரவில்லை. 1998 பிப்ரவரி 14இல் கோவையில் தொடர் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போயின. 2011 அக்டோபரில் அத்வானி யாத்திரை போகும் வழியில், திருமங்கலம் அருகே ஆலம்பட்டியில் பாலத்துக்கு அடியில் பைப் வெடிகுண்டு கிடைத்தது. இரண்டு ஊர்ப் பெயர்களும் செய்தித்தாள் படிக்கிறவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு கறையோடு இருந்தவைதான். எழுதியவர் புதிதாக எதையும் இட்டுக்கட்டவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டார். அங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. ஒற்றர் படங்களில் மனிதர்கள் பெயரை மறைத்துக்கொண்டு திரியலாம். ஊர்களுக்கு அந்த வசதி கிடையாது.

ஆனால் அந்தச் சண்டையைப் போட எங்களுக்கு வாய்ப்பே வரவில்லை. சொன்ன தேதிக்குப் படமே வரவில்லையே!

2013 ஜனவரி 15. மாட்டுப் பொங்கல் நாள். லோயர் கேம்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தை முதல்வர் ஜெயலலிதா திறந்துவைத்தார். பள்ளத்தாக்கே திரண்டு போயிருந்தது. அடுத்த பத்தாம் நாள், 25ஆம் தேதி, ‘விஸ்வரூபம்’ வெளியாக வேண்டும். அதற்குமுன் முஸ்லிம் அமைப்புகளின் பிரதிநிதிகளை அழைத்து கமல் படத்தைப் போட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் கொதித்துப்போய் அரசிடம் மனு கொடுத்தார்கள். 23ஆம் தேதி தடை வந்தது. 31 மாவட்ட ஆட்சியர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவில் உத்தரவிட்டார்கள். சென்னையில் காவல் ஆணையர். தேனி ஆட்சியரும் அந்த 31 பேரில் ஒருவர்.

144 என்பது என்ன? ஓரிடத்தில் இப்போதே கலவரம் வரும் போலிருக்கிறது, நேரமில்லை என்று அந்த இடத்து அதிகாரி தன் கண்ணால் நிலைமையைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய அவசர அதிகாரம். (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 163ஆவது பிரிவாகிவிட்டது, அதிகாரம் அதேதான்.) நாகப்பட்டினத்திலும் நீலகிரியிலும் தேனியிலும் ஒரே நாளில், ஒரே படத்தால், ஒரே அளவு ஆபத்து எப்படி வரும்? அதிகாரிகள் 31 பேர். முடிவு எடுத்தது ஓரிடம். ஒற்றர் படத்தைத் தடுத்த உத்தரவே வேறொருவர் பெயரில் நடமாடியது என்று சொன்னால் தப்பில்லை.

இதை இந்தப் பள்ளத்தாக்கில் இருந்து பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். கம்பத்தில் பஸ் ஏறி, கூடலூர் தாண்டி, லோயர் கேம்பில் வளைவு ஏறினால் குமுளி. வழியில் வேறு உலகம் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்து ஆட்களே தினமும் ஜீப்பில் தொங்கிக்கொண்டு அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் வருகிறார்கள். அதே ஜனவரி 25 அன்று கேரளத்தில் ‘விஸ்வரூபம்’ வெளியானது. அங்கேயும் எதிர்ப்பு இருந்தது. போலீசை நிறுத்தினார்கள், படம் ஓடியது. 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 26.56 விழுக்காடு, தமிழ்நாட்டில் 5.86. விகிதத்தில் நான்கு மடங்குக்கும் மேலாக முஸ்லிம்கள் வாழும் மாநிலத்தில் தாக்குப்பிடித்த சட்டம் ஒழுங்கு, மலைக்கு இந்தப் பக்கம் மட்டும் உடைந்துவிடுமாம்.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. நீதிபதி வெங்கட்ராமன் படத்தைப் பார்த்தார். 29ஆம் தேதி இரவு தடையை நீக்கினார். மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. மதச்சார்பற்ற மாநிலம் ஒன்றைத் தேடி, இல்லாவிட்டால் நாட்டையே விட்டு, ஓவியர் எம்.எப்.உசேன் மாதிரி போக வேண்டியதுதான் என்று கமல் நிருபர்களிடம் சொன்னார். 31ஆம் தேதி முதல்வர் பேட்டி கொடுத்தார்: படம் வெளியாகவிருந்த 524 தியேட்டர்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்கப் போலீஸ் கிடையாது. பிப்ரவரி 2 அன்று கமலும் அமைப்புகளின் தலைவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். ஏழு இடங்களில் வெட்டவும் ஒலியை நீக்கவும் ஒப்புக்கொண்டார்கள். 7ஆம் தேதி படம் வந்தது. கம்பத்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். எங்கேயும் ஒரு கண்ணாடிகூட உடைந்ததாக ஞாபகம் இல்லை.

படத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தச் சச்சரவில் அதைத்தான் யாரும் பேசவில்லை. நியூயார்க்கில் கதக் சொல்லிக்கொடுக்கும் விஸ்வநாதன் என்ற மென்மையான ஆள். மனைவிக்கு அவன் மேல் அலுப்பு. துப்பறிவாளர் ஒருவரை வைத்துப் பின்தொடரச் சொல்கிறாள். அவன் பள்ளிவாசலுக்குப் போகிறான், அவன் முஸ்லிம் என்று தெரியவருகிறது. பிறகு அந்தக் கிடங்குக் காட்சி. கட்டிப்போட்டு அடிக்கிறார்கள். தொழ அனுமதி கேட்கிறான். அடுத்த சில நொடிகளில் எதிரே நின்றவர்கள் எல்லோரும் தரையில் கிடக்கிறார்கள். என்ன நடந்தது என்று நமக்குப் புரியாததால் அதையே மெதுவாகத் திரும்பக் காட்டுகிறார் இயக்குநர். பயந்தாங்கொள்ளி நடனக்காரன் இந்திய உளவுத்துறையின் விசாம் அகமது காஷ்மீரியாக மாறும் அந்த இடம் தமிழ்ப் பொழுதுபோக்குப் படங்களில் அபூர்வமானது. பிர்ஜு மகராஜ் அமைத்த நடனத்துக்கும் கலை இயக்கத்துக்கும் தேசிய விருது கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் என் மனதில் தங்கியிருப்பது ஆப்கன் பகுதியில் வரும் ஓர் ஊஞ்சல். தற்கொலைப் படைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞன் ஒருவன். உமரின் மகனான சின்னப் பையன், தான் ஒன்றும் குழந்தையில்லை என்று ஊஞ்சலை மறுத்துவிட்டுப் போகிறான். இந்த வளர்ந்த பையன் வந்து உட்கார்ந்து, தன்னை ஆட்டிவிடச் சொல்கிறான். அவ்வளவுதான். சாகப்போகும் ஆளுக்கு ஒரு நிமிடம் வயது குறைகிறது. இந்த நிதானம் படம் முழுக்க இருந்திருந்தால் மதுரை, கோவை வசனத்தை எழுதிய பேனா கொஞ்சம் தயங்கியிருக்கும்.

ஒற்றன் கதை நமக்குப் புதிதில்லை. எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954லேயே வந்துவிட்டது, பாட்டே கிடையாது. ஜப்பானுக்கு ரகசியம் விற்கும் ரேடியோ என்ஜினியர் சிவாஜி கணேசன். தன் திறமையை இந்த நாடு மதிக்கவில்லை என்ற குமைச்சல்தான் அவனைத் துரோகியாக்குகிறது. அதைப் படம் பொறுமையாக விளக்குகிறது. பார்த்துவிட்டு எந்தச் சாதிக்காரரும், எந்த ஊர்க்காரரும், எந்த மதத்துக்காரரும் தம்மைக் குறிப்பதாக நினைக்க வழியில்லை. துரோகம் ஒரு மனிதனுடையது. தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பயங்கரவாதப் படங்களில் இந்தப் பொறுமை போய்விட்டது. வில்லனுக்குக் காரணம் தேட வேண்டாம், அவன் பெயரும் தாடியும் போதும் என்றாகிவிட்டது.

அதனால்தான் 2013 கோபத்தை ‘சிலரின் தூண்டுதல்’ என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு மாதம் முன்புதான், 2012 தீபாவளிக்கு, ‘துப்பாக்கி’ வந்திருந்தது. ஸ்லீப்பர் செல் என்ற வார்த்தையைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த படம். பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை செய்கிறவன், யாரும் வெடிகுண்டாக இருக்கலாம் என்பது கதையின் சுவாரசியம். எதிர்ப்பு வந்ததும் படக்குழு வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை எடுத்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் ‘விஸ்வரூபம்’.

உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இல் ஆரம்பித்தது. பள்ளத்தாக்கில் முதல் பட்டதாரியைக் கண்ட எத்தனையோ வீடுகள், எல்லா மதத்து வீடுகளும், அந்தக் கல்லூரிக்குக் கடன்பட்டவை. அங்கே படித்த ஒரு பையன் வேலைக்குச் சென்னை போகிறான் என்று வையுங்கள். பெயர் ராஜா முகமது. வீடு தேடுகிறான். வாசலில் ‘டு லெட்’ போர்டு தொங்குகிறது. வீட்டுக்கார அம்மா மாடியைக் காட்டுகிறார், தண்ணீர் வரும் நேரம் சொல்கிறார், அட்வான்ஸ் பேசுகிறார். கடைசியில் ‘பேரு என்னப்பா?’ சொன்னதும் முகம் மாறுகிறது. ‘எங்க வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன். ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வர்றதாவும் சொல்லிக்கிட்டிருந்தாங்க.’ நாலு வீடு இப்படிப் பார்த்த பிறகு அவன் போனில் ‘ராஜா பேசுறேன்’ என்று மட்டும் சொல்லக் கற்றுக்கொள்கிறான். ஊரில் இருக்கும் அத்தாவிடம் இதைச் சொல்வதும் இல்லை.

விசாம் விஸ்வநாதன் ஆவது தேசத்துக்காக. ராஜா முகமது வெறும் ராஜா ஆவது மாடியில் ஓர் அறைக்காக. நம் ஒற்றர் படங்கள் முதலாவதை வைத்து விசில் வாங்கும்போது இரண்டாவதைப் பற்றி யோசிப்பதே இல்லை. ‘விஸ்வரூப’த்தின் நாயகனே முஸ்லிம்தானே, பிறகென்ன என்று கமல் ரசிகர்கள் கேட்பார்கள். உண்மைதான், அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் அந்த முஸ்லிம் என்ற செய்தி படத்தில் எப்படி வருகிறது? துப்பறிவாளர் கண்டுபிடித்துச் சொல்லும் அதிர்ச்சியாக வருகிறது. கணவன் முஸ்லிம் என்பதே ஒரு மர்மத்தின் முதல் முடிச்சு. அந்த முடிச்சில் பார்வையாளர் வியக்கும்போது, எதைக் கண்டு வியக்கிறோம் என்று கேட்டுக்கொண்டால் நல்லது.

நிஜ ஒற்றர்கள் விஷயத்தில் இந்தப் பள்ளத்தாக்கு அனுபவசாலி. 2007இல் பெரியகுளம் பக்கம் முருகமலைக் காட்டில் மாவோயிஸ்டுகள் ஆயுதப் பயிற்சி எடுத்ததாகச் சொல்லி மூன்று பேரைப் பிடித்தார்கள். மலைக்காடுகள் தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவின் கவனத்துக்கு வந்தன. 2022 செப்டம்பரில் பாப்புலர் ஃப்ரன்ட் மீது நாடு முழுக்கச் சோதனை நடந்தபோது தேனி மாவட்டமும் பட்டியலில் இருந்தது. இவையெல்லாம் பெயர், விலாசம், வழக்கு எண்ணோடு நீதிமன்றத்துக்குப் போகிறவை. குற்றம் உண்டா இல்லையா என்று அங்கே வாதாடலாம். சினிமா வசனத்துக்கு எதிராக வாதாட மேடை கிடையாது.

இடையில் ஒன்று. எங்கள் ஊர்களில் உளவுக்காரர் என்றால் ஸ்டேஷனில் இருக்கும் தனிப்பிரிவு ஏட்டுதான். மப்டியில் வருவார், எல்லோருக்கும் அவரைத் தெரியும். பொதுக்கூட்டத்தில் ஓரமாக நின்று குறிப்பெடுப்பார். கால் வலிக்குமே என்று கூட்டம் போட்டவர்களே நாற்காலி போடுவார்கள், டீ சொல்வார்கள். அவர் எழுதும் அறிக்கையில் அந்த டீ வராது.

இப்போது சங்கடமான பகுதிக்கு வருகிறேன். ‘மதுரை’ என்ற வசனத்துக்கு ராவுத்தர் குடும்பங்கள் பட்ட வலியை ‘அதெல்லாம் சினிமாதானே’ என்று சொன்ன பள்ளத்தாக்குக்காரர்கள், அணை என்று வந்தால் அப்படிச் சொல்வதில்லை.

2011 நவம்பரில் சோகன் ராய் இயக்கிய ‘டேம் 999’ வெளியாக இருந்தது. முல்லைப் பெரியாறு என்று பெயர் சொல்லாவிட்டாலும், 1886இல் எழுதிய 999 ஆண்டுக் குத்தகை தலைப்பிலேயே இருந்தது. அணை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போகிறது. வெளியாவதற்கு முதல் நாள் தமிழக அரசு தடை செய்தது. பள்ளத்தாக்கில் அதற்கு நல்ல வரவேற்பு. அது புரிந்துகொள்ளக்கூடியதும்கூட. 1979இல் அணை பலவீனமாகிவிட்டது என்று கிளம்பிய பீதியில்தான் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பயத்தின் விலையைத் தண்ணீரில் கொடுத்தவர்கள் நாங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும், அதற்குக் கீழே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை பாசனமும் அந்த அடிக்கணக்கில் தொங்குகின்றன. திரையில் அணை உடைந்தால் இங்கே வயலில் தண்ணீர் குறையும் என்பது எங்கள் அனுபவ அறிவு.

அடுத்த மாதமே நிலைமை நிஜமாகக் கைமீறியது. 2011 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் குமுளியை நோக்கி நடந்தார்கள். எல்லை மூடப்பட்டது. இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் பயந்துபோய்ப் பிள்ளைகுட்டிகளோடு மலைப்பாதையில் இறங்கி வந்தார்கள். அப்போதும் 144தான் போட்டார்கள். அது வேண்டியிருந்தது. ரோட்டில் ஆள் இருந்தார்கள், கல் இருந்தது, லாரி நின்றது. கலவரம் என்றால் எப்படி இருக்கும் என்று தேனி நிர்வாகத்துக்குத் தெரியாமல் இல்லை. பதின்மூன்று மாதம் கழித்து ‘விஸ்வரூப’த்துக்கு அதே பிரிவை எடுத்தபோது ரோட்டில் யாரும் இல்லை.

2025 மார்ச் 27. பிருத்விராஜ் இயக்கி மோகன்லால் நடித்த ‘எம்புரான்’ வந்தது. இதுவும் ஏறக்குறைய அதே கதைக்குடும்பம்தான்: இரண்டு பெயர்களில் வாழும் நாயகன், குஜராத் கலவரம், எல்லைக்கு அப்பால் பயங்கரவாதப் பயிற்சி முகாம். ஊடே, நெடும்பள்ளி என்ற கற்பனைப் பெயரில் ஓர் அணை. அதைப் பற்றிய வசனங்கள். யாரை ஏமாற்ற அந்தப் பெயர்? இரு பக்கமும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரியாறு வைகைப் பாசன விவசாயிகள் கொதித்தார்கள். கம்பத்தில், தயாரிப்பாளர்களில் ஒருவருடைய நிதி நிறுவனக் கிளைக்கு எதிரே போராட்டம். விவகாரம் தமிழகச் சட்டமன்றம்வரை போனது; அணை பற்றிய காட்சிகள் நீக்கப்பட்டுவிட்டதாக அப்போதைய முதல்வர் சொன்னார். இன்னொரு பக்கம் குஜராத் கலவரக் காட்சிகளுக்காக இந்துத்துவ அமைப்புகள் கொதிக்க, தயாரிப்பாளர்களே இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் கத்தரி போட்டார்கள். வில்லனின் பெயர்கூட மாறியது. தணிக்கை வாரியம் ஏற்கெனவே சான்று கொடுத்த படம் அது.

விவசாயிகள் சொன்னதையும் 2013இல் முஸ்லிம் அமைப்புகள் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ‘நாங்கள் வாழும் இடத்தை உங்கள் கதையின் ஆபத்தாகக் காட்டுகிறீர்கள். பார்த்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். விளைவை அனுபவிப்பது நாங்கள்.’ இரண்டும் ஒரே வாக்கியம். ஒருவருக்கு அணை, ஒருவருக்கு மாடி அறை. ஒன்றை நியாயமான கோபம் என்றும் மற்றதை மதவெறி என்றும் பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. இரண்டு கோபமும் நியாயம். இரண்டு இடத்திலும் கேட்ட மருந்து தப்பு.

கதைக்காரர்கள் ‘கற்பனைச் சுதந்திரம்’ என்பார்கள். சுதந்திரம் இருக்கிறது, நான் குறைசொல்வது கற்பனையின் சோம்பேறித்தனத்தை. உமருக்குத் தமிழ் வர ஆயிரம் வழி இருந்தது. துபாயில் கூட வேலை பார்த்த ஒருவன் கற்றுக்கொடுத்திருக்கலாம். உமருக்குத் தமிழே தெரியாமல், விசாம் மொழிபெயர்ப்பாளனாக நடுவில் நின்றிருந்தால் காட்சி இன்னும் முறுக்கேறியிருக்கும். ஒற்றனே மொழிபெயர்ப்பாளன் என்றால் ஒவ்வொரு சொல்லும் கத்திமேல் நடக்கும். கைக்கு எட்டிய ஊர்ப் பெயரை எடுத்ததில் நஷ்டம் ஊருக்கு மட்டுமில்லை, காட்சிக்கும்தான். இந்த விமர்சனத்தைப் படம் ஓடும்போதுதான் சொல்ல முடியும். தடை வந்ததும் பேச்சு மாறிவிடுகிறது: கமல் பக்கமா, அமைப்புகள் பக்கமா? வசனத்தை யாரும் பேசுவதில்லை.

தேனிக்கும் கமலுக்கும் இதற்கு முன்பே ஒரு கணக்கு உண்டு. 2003இல் ‘சண்டியர்’ என்ற பெயரில் தேனிப் பக்கம் படமெடுக்கக் கிளம்பினார். தலைப்பு சாதி வன்முறையைத் தூண்டும் என்று புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி எதிர்த்தார். பாதுகாப்புக் கிடைக்கவில்லை. சென்னையில் கேம்பகோலா மைதானத்தில் ஊரையே செட்டாகப் போட்டு, ‘விருமாண்டி’ என்று பெயரை மாற்றி எடுத்தார்கள். அப்போதைய முதல்வர் ஜெயலலிதா இதே மாவட்டத்தின் ஆண்டிபட்டித் தொகுதி எம்.எல்.ஏ. 2014இல் வேறொருவர் ‘சண்டியர்’ என்றே படமெடுத்து வெளியிட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

இது ஒரு கட்சியின் வியாதி என்று நினைக்க வேண்டாம். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம் இட ஒதுக்கீட்டை விமர்சித்தது. பிராமணப் பெண் காயத்ரி, கருப்பாயி என்று பெயர் மாற்றிப் பொய்ச் சாதிச் சான்றிதழில் அரசு அதிகாரி ஆகிறாள். பெயரை மறைத்து வாழ்பவளின் கதை! சமூகநீதி பேசுகிறவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சலைத் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கே அந்தக் கதையின் கட்சி பிடிக்காது. உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு, அன்று திமுக அரசு, படம் ஓடினால் அமைதி கெடும் என்று வாதாடியது. 1989 மார்ச் 30 அன்று நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஆர்ப்பாட்டம் செய்வோம் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை நிறுத்த முடியாது. அப்படி நிறுத்துவது மிரட்டியவரிடம் அரசு சரணடைவது. பாதுகாப்புத் தருவதுதான் அரசின் வேலை, முடியவில்லை என்று அரசு சொல்லக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். சென்னையில் பிறந்த வழக்கு. அப்புறம் 24 வருடம் கழித்து, அதே சென்னையில், 524 தியேட்டருக்குப் போலீஸ் இல்லை என்று கோட்டையிலிருந்து பேட்டி.

‘விஸ்வரூபம்’ கலாட்டாவுக்குப் பிறகு மத்திய அரசு நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் குழு போட்டது, அறிக்கை வந்தது, பெட்டிக்குள் போனது. தடைகளும் புத்திசாலித்தனமாகிவிட்டன. 2023இல் ‘தி கேரளா ஸ்டோரி’யை மேற்கு வங்கம் வெளிப்படையாகத் தடைசெய்து உச்ச நீதிமன்றத்தில் குட்டு வாங்கியது. தமிழ்நாட்டில் தடை கிடையாது. மல்டிபிளெக்ஸ்காரர்கள் தாங்களாகவே எடுத்துவிட்டார்கள், கூட்டம் வரவில்லை என்று அரசு சொன்னது. நான் அந்தப் படத்தை நச்சு என்றே கருதுகிறேன். நச்சுப் படத்துக்கும் இதே விதிதான். உத்தரவே இல்லாமல் ஒரு படம் காணாமல் போகும்போது எதிர்த்து மேல்முறையீடு செய்யக்கூட ஒரு காகிதம் கிடைப்பதில்லை. 2013இல் அந்த 31 காகிதங்களாவது இருந்தன.

பள்ளத்தாக்குக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதை நாம் செய்யவே இல்லை. அணை உடைகிற படம் மலையாளப் பக்கத்திலிருந்து வந்துவிட்டது. அணையால் வாழ்கிறவர்களின் படம் இதுவரை இல்லை. 136 அடியில் காய்ந்த இரண்டாம் போகம், 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்த நாள், 2011 டிசம்பரில் குழந்தையைத் தோளில் போட்டு மலையிறங்கிய தோட்டத் தொழிலாளி, அதே மாதம் எல்லை மூடிக்கிடந்தும் கடனுக்கு அரிசி கொடுத்த மலையாளக் கடைக்காரர் என்று இதற்குள் எவ்வளவு கதை கிடக்கிறது! இயக்குநருக்கா, இசையமைப்பாளருக்கா பஞ்சம்? பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். இளையராஜா பண்ணைப்புரம். பாலாவுக்கும் கஸ்தூரிராஜாவுக்கும் சொந்த மண் இதுதான். தமிழ் சினிமாவுக்குக் கிராமத்தையே எழுதிக்கொடுத்த மாவட்டம், தன் தண்ணீரைப் பற்றி ஒரு படம் எடுக்கவில்லை. அடுத்தவர் எடுத்ததை நிறுத்தச் சொல்லி மட்டும் மனு எழுதியிருக்கிறது.

எடுத்தால் இடுக்கியில் எதிர்ப்பு வரும். குத்தகை பற்றி ஒரு வசனம், அணையின் பலம் பற்றி ஒரு வசனம் போதும், படத்தைத் தடைசெய்யச் சொல்லிக் கொடி பிடிப்பார்கள். அப்போது நாம் பைனாவில் இருக்கும் அந்த மாவட்ட ஆட்சியரிடம் போய், ‘1989 தீர்ப்பு இருக்கிறது சார், தியேட்டர் வாசலில் நாலு போலீசை நிறுத்துங்கள், படம் ஓடட்டும்’ என்று கேட்போம். கேட்கும்போது அவர் ‘எம்புரா’னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் சொல்வதற்கு இப்போதே பதில் தயார் செய்துகொள்ள வேண்டும்.